வெயில் சதத்தோடு இரவின் அளவையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் 'வெயில் சதம்' பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. எந்தெந்த ஊரில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 37.8 டிகிரி செல்சியஸை, வெயில் தாண்டியது என்ற பட்டியல் தினமும் வருகிறது. அந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். ஒன்று, அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை. பெரும்பாலும் அது விடியலுக்குச் சற்று முன் பதிவாகும். மற்றது காற்றின் ஈரப்பதம். வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் எடுக்கும் பதிவுகளிலேயே இவை இருக்கின்றன. உச்சி வெயிலின் அளவு சூரியன் என்ன செய்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். காற்றிலுள்ள வாயுக்கள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டுமானால் இரவைத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கோடைதோறும் ஊரில் உலவும் தவறான விளக்கங்கள் பல, இந்தக் கணக்கு தெரியாததால் வருபவை.

முதல் விளக்கம், "சூரியன் கிட்ட வந்துருச்சு" என்பது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழியின் மூன்றாம் வாரத்தை ஒட்டி. அப்போது தூரம் 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், ஆனியில், அப்போது 15.21 கோடி கிலோமீட்டர். இந்த 50 லட்சம் கிலோமீட்டரால், ஆனியைவிட மார்கழியில் பூமிக்கு வந்து சேரும் ஒளி சுமார் 7 சதவீதம் அதிகம். ஆனாலும் நாம் போர்வை தேடுவது மார்கழியில்தான். காரணம் சூரியன் நிற்கும் கோணம்.

காரைக்குடி வடக்கு அட்சரேகை 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 16, 17 தேதிகளிலும், மறுபடி ஆகஸ்ட் 27 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நெட்டுக்குத்தாக நட்ட கம்பிக்கு அப்போது நிழலே விழாது. (நம் நண்பகல் கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, ஏப்ரலில் ஏறக்குறைய 12.15க்கு. இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குரியது; நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம்.) டிசம்பர் 21 அன்று சூரியன் உச்சியிலிருந்து 33½ டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். சாய்ந்து வரும் ஒளி அதிகத் தரையில் பரவுவதால், சதுர மீட்டருக்குக் கிடைப்பது நேர் உச்சியில் கிடைப்பதில் 83 சதவீதம்தான். பகல் பொழுதும் ஜூனில் இருந்த 12 மணி 40 நிமிடத்திலிருந்து 11½ மணி நேரமாகச் சுருங்கிவிடும். தூரத்தால் கூடிய 7 சதவீதத்தைக் கோணமும் பகலின் நீளமும் சேர்ந்து விழுங்கிவிடுகின்றன.

உச்சிக்கு வருவது சித்திரைத் தொடக்கம் என்றால், மே 4 முதல் 28 வரை ஏன் கத்தரி? வருகிற ஆற்றல் போகிற ஆற்றலைவிட அதிகமாக இருக்கும்வரை தரையும் சுவரும் கடலும் சூடேறிக்கொண்டே இருக்கும். உச்சியைத் தாண்டிய பிறகும் சில வாரம் அந்த ஏற்றம் நிற்காது. 12.15க்கு உச்சியைத் தாண்டும் வெயில் 2, 3 மணிக்கு அதிகம் உறைப்பதும் இதனால்தான். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும்போது மேகமும் மாலை இடிமழையும் வந்துவிடுவதால் அந்த உச்சி நமக்குத் தெரிவதில்லை.

சூரியனே முன்னைவிட அதிகமாக எரிகிறதா என்பது நியாயமான கேள்வி. அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1361 வாட் விழுகிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதைத் தொடர்ந்து அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறக்குறைய 1 வாட் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். இந்தக் காலம் முழுவதும் ஏறுமுகமாக எந்தப் போக்கும் இல்லை. நம் பக்கத்திலேயே கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனின் முகத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். இதே 1978க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பூமியின் சராசரி வெப்பநிலை வேகமாக ஏறியது. சூரியன் கூடாமல் வெப்பம் கூடியிருக்கிறது என்றால், வரவில் மாற்றமில்லை. செலவில்தான் தேட வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவரே போட்டுவிடலாம். பூமி உருண்டை என்பதாலும் பாதி இரவு என்பதாலும் 1361ஐ 4ஆல் வகுக்க வேண்டும்: சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட். இதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிஞ்சுவது சுமார் 240 வாட். பூமி நிலையான வெப்பத்தில் இருக்க வேண்டுமானால் இதே 240 வாட் வெளியேற வேண்டும். ஒரு பொருள் தன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீசும் என்பது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. 240ஐ அதன் மாறிலியால் (5.67ஐ 10 கோடியால் வகுத்தால் வரும் எண்) வகுத்து நான்காம் மூலம் எடுத்தால் 255 கெல்வின் வரும், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ். உண்மையான உலகச் சராசரி 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. நடுவில் இருக்கும் 33 டிகிரியைத் தருபவை காற்றிலுள்ள சில வாயுக்கள். அவை இல்லாவிட்டால் ஊருணி உறைந்து கிடக்கும். எனவே இந்த வாயுக்களே கெட்டவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. சிக்கல் எல்லாம் அளவில்தான்.

காற்றே இல்லாத சந்திரனில், நிலநடுக்கோட்டில் பகல் 120 டிகிரி; இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130. வெள்ளிக் கோளோ நம்மைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி பெறுகிறது. ஆனால் அதன் வெண்மேகங்கள் முக்கால் பங்கைத் திருப்பிவிடுவதால், அது உள்வாங்குவது பூமியைவிடக் குறைவு. அப்படியும் அதன் தரை 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. நம்மைப்போல் 90 மடங்குக்கு மேல் அழுத்தமுள்ள அதன் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. அருகில் இருப்பதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும்.

நம் காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் கிட்டத்தட்ட 1 சதவீதம். இந்தத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பங்கும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். ஒரே வகை அணு இரண்டு சேர்ந்த மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னேற்றச் சமநிலை மாறுவதில்லை. அதனால் அகச்சிவப்பு என்கிற அந்த வெப்பக் கதிரோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. நீராவி, கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ அணுக்கள் உண்டு. அவை வளைந்தும் நீண்டும் அதிரும்போது மின்னேற்றம் இடம் மாறும். அந்த அதிர்வுக்கு ஒத்த அலைநீளத்தைப் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயு 15 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அலைநீளத்தைப் பிடிக்கிறது. 5,770 கெல்வின் வெப்பமுள்ள சூரியனின் ஒளி அரை மைக்ரானை ஒட்டி உச்சம் கொள்வது. அதைக் காற்று பெரும்பாலும் தடுப்பதில்லை. தரை வீசும் கதிரோ 10 மைக்ரானை ஒட்டி உச்சம் கொள்வது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் அலைநீளம் வேறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 8 முதல் 13 மைக்ரான் வரை ஒரு திறப்பு உண்டு. மேகமில்லாத, காற்று வறண்ட இரவில் தரையின் வெப்பம் அதன் வழியே நேராக விண்வெளிக்குப் போய்விடும்.

அந்தத் திறப்பை மார்கழி விடியலில் கண்ணால் பார்க்கலாம். வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் கூரை பனியில் நனைந்திருக்கும். அதே தெருவில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி காய்ந்திருக்கும். பனி மேலிருந்து விழுவதில்லை. வானத்தைப் பார்த்த தகடு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, அந்தக் காற்றின் ஈரத்தைத் தன்மேல் படியவைக்கிறது. மரத்தடியில் இலைகள் வெப்பக் கதிரைத் திரும்ப வீசுவதால் தகடு அவ்வளவு குளிர்வதில்லை. ஐப்பசியில் மூட்டம் போட்ட இரவில் வெட்டவெளி வண்டியும் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். அப்போது இலையின் வேலையை மேகம் செய்கிறது.

இனி, வாயு கூடினால் ஏன் சூடு கூடுகிறது என்பது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துவிடுகிற இடம் இது. ஆனால் உயிரே இங்குதான். கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் ஒரே அளவாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிரம்பிய நீர் கலுங்கு வழியே அதே அளவு வெளியேறுகிறது. மட்டம் அசையாமல் நிற்கிறது. கலுங்கில் பலகை போட்டு ஒரு சாண் உயர்த்திவிட்டால், வரத்து ஒரு சொட்டுக் கூடாமலே நீர்மட்டம் ஏறும். ஏறுகிற அந்த நாட்களில் மட்டும் வெளியேற்றம் வரத்தைவிடக் குறைவாக இருக்கும். மட்டம் பலகையைத் தாண்டியதும் மறுபடி வரத்தும் போக்கும் சமம். ஆனால் கண்மாய் இப்போது ஒரு சாண் ஆழம் கூடியது. நாம் இப்போது இருப்பது மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் கட்டத்தில். பூமிக்குள் வருவதைவிட வெளியேறுவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 வாட் குறைவு. அந்த மிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

பலகை எங்கே இருக்கிறது? ஆகாயத்தில், சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்தில். கீழேயிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை வாயுக்கள் பிடித்து, மேலும் கீழும் வீசி, மேலேயுள்ளவை மறுபடி பிடித்து, இப்படியே போய் ஓர் உயரத்துக்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால் கதிர் தப்பி விண்வெளிக்குப் போகிறது. அந்த உயரத்தின் வெப்பநிலைதான் முன்பு கணக்கிட்ட மைனஸ் 18 டிகிரி. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது, கொடைக்கானல் ஏறுகிறவர் எல்லோரும் உடம்பில் உணர்வது. 5 கிலோமீட்டர் இறங்கினால் 33 டிகிரி கூடி, தரையில் 15 டிகிரி வந்துவிடுகிறது. காற்றில் கரியமில வாயுவைச் சேர்த்தால் கதிர் தப்பும் உயரம் இன்னும் மேலே போகும். மேலே போனால் குளிர். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் வீசும். 240 வாட் வெளியேறாது. அந்தப் புதிய உயரம் மறுபடி மைனஸ் 18க்கு வரும்வரை முழு அடுக்கும், தரை உட்பட, சூடேறியாக வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பழைய மறுப்புக்கும் விடை கிடைக்கும். "15 மைக்ரான் கதிரை இருக்கிற வாயுவே முழுதும் பிடித்துவிடுகிறது, இன்னும் சேர்த்தால் என்ன ஆகிவிடும்?" என்று 1900 வாக்கிலேயே கேட்டார்கள். தரைக்குப் பக்கத்தில் அது சரி. மேலே, காற்று மெலிந்த இடத்தில், இன்னும் பிடிக்க இடமிருக்கிறது. வெளியேற்றத்தை நிர்ணயிப்பது அந்த மேல் அடுக்குதான். வாயு கூடினால் வரும் விளைவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை, மடக்கைப்படி கூடுகிறது என்பதும் உண்மை. இன்றைய அளவைப் பழைய அளவால் வகுத்து, வரும் எண்ணின் இயல் மடக்கையால் 5.35ஐப் பெருக்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது ஏறக்குறைய 425. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 2.2 வாட். சூரியனின் 11 ஆண்டு ஏற்ற இறக்கத்தையும் இதே முறையில், 4ஆல் வகுத்து 30 சதவீதம் கழித்துப் பார்த்தால், 0.2 வாட்டுக்கும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பழியைச் சூரியன்மேல் போட மாட்டார்.

இன்னொரு சான்றும் உண்டு, எங்களுக்கு இதுவே எல்லாவற்றிலும் வலுவானதாகப் படுகிறது. சூரியன் கூடுதலாக எரிந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று சியுகுரோ மனாபே 1967இலேயே கணக்கிட்டுக் காட்டினார். 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

ஓசோன் ஓட்டையால் வெயில் உறைக்கிறது என்பது அடுத்த விளக்கம். ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. ஓட்டை விழுவது அண்டார்டிகாவின் மேல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். கத்தரி வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"நீராவிதானே எல்லாவற்றிலும் பெரிய வெப்பம் பிடிக்கும் வாயு, அதை விட்டுவிட்டுக் கரியமில வாயுவைக் குறை சொல்வானேன்?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். நீராவி பெரியது என்பது உண்மைதான். ஆனால் காற்றில் போன நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாளில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். காற்றில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது: 1 டிகிரி கூடினால் 7 சதவீதம் அதிகம் தங்கும். நீராவி தானாக முன்வந்து எதையும் தொடங்குவதில்லை. வேறொன்று சூடாக்கினால் அதை இரட்டிப்பு அளவுக்குப் பெருக்கிவிடும். கரியமில வாயு நம் காற்றின் வெப்பத்தில் திரவமாகி இறங்குவதில்லை. இன்று வெளியிட்டதில் பாதியளவைக் கடலும் செடிகொடிகளும் வாங்கிக்கொள்கின்றன. மீதி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். மீத்தேன் 12 ஆண்டில் சிதைந்துவிடும், ஆனால் கிலோவுக்குக் கிலோ நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்கு வலியது. நீர் தேங்கிய வயலிலிருந்து அது வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் நெல்லிலும் அதைக் குறைக்கலாம்.

கூடிய வாயு நாம் எரித்ததிலிருந்து வந்ததுதான் என்பதற்கும் கையெழுத்து இருக்கிறது. கார்பன்-14 என்பது கதிரியக்கத்தால் நாளடைவில் அழிந்துபோகும் ஒரு கார்பன் வகை; பல கோடி ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இராது. காற்றிலுள்ள கார்பனில் அந்தப் பங்கு நீர்த்துப்போயிருக்கிறது. எரிதலுக்குச் செலவாகும் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்துவருகிறது. வீட்டுக் கணக்கு இப்படி: 14.2 கிலோ சமையல் எரிவாயு உருளை ஒன்று தீரும்போது சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எடை எப்படிக் கூடியது என்று மாணவர்கள் கேட்பார்கள். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி சுடுவதை நிலக்கரியோடு சேர்த்துத் திட்டுவது முறையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மரத்தின் கார்பன் சில ஆண்டுகளுக்கு முன் இதே காற்றிலிருந்து எடுத்தது. அங்கே கவலைப்பட வேண்டியது கரி சுடும் மூட்டத்திலிருந்து வரும் புகையும் மீத்தேனும்தான்.

இரவுக்கு வருகிறோம். 32 டிகிரி வெப்பமுள்ள மொட்டைமாடித் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 490 வாட் மேல்நோக்கி வீசுகிறது. ஈரம் மிகுந்த வெப்பமண்டலக் காற்று 400 வாட் அளவில் திருப்பிக் கீழே வீசுகிறது. தளம் குளிர்வது இந்த இரண்டின் வித்தியாசத்தால் மட்டுமே. பகலில் தரை சூடானால் காற்று கிளம்பிக் கிலோமீட்டர் உயரம்வரை கலந்து, கூடுதல் வெப்பத்தைப் பரப்பிவிடும். இரவில் தரையை ஒட்டி மெல்லிய அடுக்கு ஒன்று அசையாமல் படிந்துகிடக்கும். வாயுக்கள் திருப்பி அனுப்பும் சிறிய கூடுதலும் அந்த மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிடும். உலக அளவில் கடந்த எழுபது ஆண்டுப் பதிவுகளில் பகலைவிட இரவு வேகமாகச் சூடேறியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நகரங்களில் கான்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தை இரவில் விடுவது தனிக் கதை. அதைப் பிரித்தறிய ஊருக்குள் ஒன்றும் வயல்வெளியில் ஒன்றுமாக இரண்டு இடத்துப் பதிவு வேண்டும்.

செட்டிநாட்டுக்கு இது வெறும் பாடமல்ல. நம் பழைய வீடுகள் இரவை நம்பிக் கட்டப்பட்டவை. கனத்த சுவர் பகல் முழுதும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், வானத்தைப் பார்த்து அதை விட்டுவிடும். குளிர்ந்த காற்று வளவில் இறங்கிப் பத்திகளிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் பரவும். இரவு குளிராவிட்டால் சுவர் காலியாகாது, மறுநாள் வாங்க இடமிருக்காது. மழைக்கும் குரங்குக்கும் பயந்து வளவின்மேல் பாலிகார்பனேட் தகடு போடும் வழக்கம் பரவிவருவதைக் கண்டு வருந்துகிறோம். அந்தத் தகடு சூரிய ஒளியை உள்ளே விடும். 10 மைக்ரான் வெப்பக் கதிரைத் தடுத்துவிடும். பகலில் சூடேற்றி இரவில் அடைத்துவைக்கும் பொருளை, வீட்டின் மூச்சுக்குழலில் வைப்பதற்குச் சமம் இது. கம்பி வலை போட்டால் குரங்கும் வராது, வெப்பமும் தங்காது. மழைக்கு மறைப்பு வேண்டுமென்றால் சுருட்டக்கூடிய படுதா போதும். மழை நின்றதும் சுருட்டிவிட வேண்டும். மொட்டைமாடிக்குப் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் பலன் தரும்: வெள்ளைச் சுண்ணாம்பு சூரிய ஒளியைப் பெரும்பாலும் திருப்பும், வெப்பக் கதிரை நன்றாக வெளிவிடும். பாசியைச் சுரண்டிக் கழுவாமல் மேலே அடித்தால் ஒரு மழையில் உரிந்துவிடும். பளபளக்கும் புதுத் தகரம் ஒளியைத் திருப்பினாலும் வெப்பக் கதிரை வெளிவிடாது. அதனால்தான் தகரக் கொட்டகையில் அப்படிக் காய்கிறது.

ஈரப்பதம் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 40 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 26 டிகிரி காட்டும். 34 டிகிரியும் 75 சதவீதமும் உள்ள நாளில் அது 30 டிகிரி காட்டும். வியர்வை ஆவியாகி உடம்பு குளிர்வதற்கு முதல் நாளில்தான் வாய்ப்பு அதிகம். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் இரண்டாம் நாள்தான் ஆபத்தானது. பத்திரிகையில் சதம் என்று வருவதோ முதல் நாள் மட்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. அறிவியல் கண்காட்சிகளில் இரண்டு பாட்டில் வைத்து, ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து கரியமில வாயு நிரப்பி, விளக்கைக் காட்டி, "இது அதிகம் சூடாகிறது பாருங்கள்" என்று செய்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். விளக்கொளியில் பெரும்பகுதி குறுகிய அலைநீளம். நீண்ட அலைநீளத்தைப் பாட்டில் சுவரே பிடித்துவிடும். வெப்பமானியின் குமிழ் ஒளியை நேரே வாங்கிச் சூடாகும். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் மேலுள்ள காற்றோடு கலக்காமல் அடியில் தங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. வெப்பக் கதிரைக் கொஞ்சமும் பிடிக்காத ஆர்கானை நிரப்பினாலும் அதே அளவு சூடாகும். சரியான முடிவைத் தவறான காரணத்தால் காட்டும் சோதனை, காரணம் கேட்கும் பிள்ளையை ஏமாற்றிவிடும்.

மாற்றாக, பட்டறைகளில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்குக் காட்டியது உதவாது. உடல் வெப்பத்தை ஒட்டிய அளவுகளைத் தவிர வேறெதையும் அது காட்டாது. மைனஸ் 50 டிகிரிவரை அளக்கும் வகை வேண்டும். மேகமில்லாத இரவில், சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து, கருவியைக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, மரமும் விளக்குக் கம்பமும் இல்லாத இடத்தில் நேர் உச்சியைக் காட்டி அளக்க வேண்டும். பிறகு தரையை அளக்க வேண்டும். தெளிந்த வானம் தரையைவிட 20, 30 டிகிரி குறைவாகவோ அதற்கும் கீழாகவோ காட்டும். தாழ்ந்த மேகம் வரும் இரவில் அந்த இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தைக் காட்டினால் பொய் எண் வரும், ஏனெனில் அது தன் கதிரை அல்ல, எதிரிலுள்ளதன் கதிரைத் திருப்புகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அளந்தால் சரியாகும். இந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரானில் வேலை செய்வதால் அது முக்கியமாகக் காண்பது நீராவியையும் மேகத்தையும். 15 மைக்ரான் கரியமில வாயு அதில் பெரிதாகத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பகலில் எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் காட்டக் கூடாது.

வெப்பநிலைப் பதிவுக்குச் சாய்பலகை அடைத்த வெள்ளை மரப்பெட்டி வேண்டும். வெப்பமானிக் குமிழ் தரையிலிருந்து 1.25 மீட்டர் முதல் 2 மீட்டருக்குள். கீழே புல் அல்லது வெறும் மண். அருகிலுள்ள சுவரிலிருந்து அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி. கதவு வடக்கே இருக்க வேண்டும் என்று நூல்களில் இருக்கும். ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நமக்கு நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஆகவே வடக்கும் தெற்குமாக இரண்டு கதவு வைத்து, நிழல் பக்கத்தைத் திறப்பது நல்லது. மொட்டைமாடியில் வைத்தால் தளத்தின் சூட்டைத்தான் அளப்பீர்கள். ஈரக்குமிழுக்குச் சுற்றும் மல்துணியை வாரம் ஒருமுறை மாற்றி, மழைநீரோ வடிநீரோ ஊற்ற வேண்டும்; ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் உப்புப் படிந்து, துணி சரியாக நனையாமல் அளவு கூடுதலாகக் காட்டும். அதிகபட்ச, குறைந்தபட்சக் குறிகளைத் தினமும் ஒரே நேரத்தில் படித்து மீட்டமைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால், அடுத்த பதிவு எந்த நாளுடையது என்று தெரியாமல் போகும்.

இப்படி எடுத்த பதிவு எதையும், ஓராண்டு கூடிவிட்டது என்பதற்காகப் பருவநிலை மாற்றம் என்று தலைப்பிட்டு வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு சூடாகவும், அது குளிரும் லா நினா ஆண்டு சற்றுக் குளிராகவும் இருக்கும். 30 ஆண்டுச் சராசரியைத்தான் ஓர் ஊரின் பருவநிலை என்கிறோம். அந்தச் சராசரியிலிருந்து அன்றைய இரவு எவ்வளவு விலகியது என்பதை, வெறும் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கொடுத்தாலே போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.